போன்ல குடுத்த வார்த்தை

போன வாரம் என் கட்சிக்காரர் ஒருத்தர் என்கிட்ட முகம் குடுத்தே பேசல. என்னன்னு கேட்டா, காலைல கோர்ட் வராண்டால நானும் எதிர்தரப்பு வக்கீலும் நின்னு பேசிட்டு இருந்ததை அவரு பாத்திருக்காரு, நடுவுல ஒரு தடவை ரெண்டு பேரும் சிரிச்சிருக்கோம், அது போதும் அவருக்கு. "மேடம், எங்கண்ணன் என் பங்கைத் தராம நாலு வருஷமா என்னை அலைய விடுறான், அவனோட வக்கீல்கூட நீங்க சிரிச்சுப் பேசுனா நான் என்னன்னு எடுத்துக்கறது"ன்னு கேட்டாரு.

அவரு கேட்டதுல தப்பே இல்ல. கூடப்பொறந்தவன்கூட கோர்ட்ல நிக்கிற மனுஷனுக்கு வராண்டால கேக்குற ஒவ்வொரு சிரிப்பும் தன்னைப் பத்தின சிரிப்பாத்தான் தெரியும். அதனால உக்கார வச்சு பொறுமையா சொன்னேன். அந்தப் பேச்சு என்ன தெரியுமா, நம்ம பக்கத்துல இருந்து 40 டாக்குமெண்ட் போட்டிருக்கோம், அதுல சண்டை இருக்குறது ஒம்போதே ஒம்போதுலதான், மீதி 31 பத்திர நகல், வரி ரசீது, இறப்புச் சான்றிதழ்னு யாருமே மறுக்காத பேப்பருங்க, ஆனா எதிர்தரப்பு வேணும்னே மறுத்தா ஒவ்வொண்ணையும் நிரூபிக்க யாரையாவது சம்மன் போட்டு கூப்பிட்டு கூண்டுல ஏத்தி வாய்தா வாய்தாவா ஓட்டணும். அவரு அந்த 31க்கும் ஆட்சேபணை இல்லன்னு ஒத்துக்கிட்டாரு. அவரு பக்கத்து டாக்குமெண்ட்ல இதே மாதிரி இருக்குறதை நானும் ஒத்துக்கறேன்னு சொன்னேன். அவ்வளவுதான் சார் நடந்தது, உங்களுக்கு ஒரு வருஷம் மிச்சம்னு சொன்னேன். அரை மனசாத்தான் தலையாட்டிட்டுப் போனாரு, முழுசா நம்பலன்னு எனக்குத் தெரியும்.

அன்னிக்கு ராத்திரியே இதை எழுதணும்னு தோணுச்சு, ஏன்னா வக்கீலுங்க ஒருத்தருக்கொருத்தர் மரியாதையா நடந்துக்கறதுன்னா அது ஏதோ தொழில்காரங்க தங்களுக்குள்ள வச்சுக்கிட்ட உபசாரம், கட்சிக்காரனுக்கு அதுல நஷ்டம்தான்னு வெளிய பலபேரு நினைக்கறாங்க, நம்ம ஜூனியர் பசங்கள்லயே இப்ப நிறைய பேரு அப்படித்தான் நினைக்கறாங்க. எனக்கு 20 வருஷம் ஆகப்போகுது இந்தத் தொழிலுக்கு வந்து, நான் பாத்த வரைக்கும் அந்த மரியாதையோட பலன் வக்கீலைவிட அதிகமா போய்ச் சேர்றது கட்சிக்காரனுக்குத்தான்.

இதை நான் கத்துக்கிட்டது ஒரு தப்பு பண்ணித்தான். மூணாவது வருஷம், சீனியர் ஆபீஸ்ல இருக்கேன். பண வசூல் வழக்கு, நாங்க வாதி பக்கம். பிரதிவாதிக்கு ஆஜரானவரு ரொம்ப வயசானவர், என் சீனியருக்கே சீனியர்னு சொல்லலாம். அன்னிக்கு காலைல கேஸ் கூப்பிட்டாங்க, அவரும் வரல அவரு ஜூனியரும் வரல. பாஸ் ஓவர் ஆச்சு, அதாவது அப்புறம் கூப்பிடலாம்னு தள்ளி வச்சாங்க. மதியம் திரும்ப கூப்பிட்டாங்க, அப்பவும் யாரும் இல்ல. நான் எழுந்து நின்னு பிரதிவாதிய எக்ஸ்பார்ட்டி பண்ணணும்னு, அதாவது அவரு தரப்பு இல்லாமலே கேஸை நடத்தணும்னு கேட்டேன், ஜட்ஜ் ரெண்டு பக்கமும் பாத்துட்டு எழுதிட்டாரு, ஒருதலைப்பட்ச சாட்சியத்துக்கு ஒரு வாரம் தள்ளிப் போட்டாரு. எனக்கு கால் தரையில நிக்கல. தனியா நின்னு வாங்குன முதல் உத்தரவு அது.

சாயங்காலம் ஆபீஸ்ல சீனியர்கிட்ட சந்தோஷமா சொன்னேன். அவரு படிச்சிட்டிருந்த கேஸ் கட்டை மூடி வச்சாரு. "எக்ஸ்பார்ட்டி கேக்கறதுக்கு முன்னாடி அவரு ஆபீஸுக்கு ஒரு போன் போட்டியாம்மா?"ன்னாரு. இல்ல சார்னேன். "அவரு ஒரு வாய்தாவாவது சும்மா வராம இருந்திருக்காரா இந்தக் கேஸ்ல?" இல்ல சார். "அப்ப இன்னிக்கு ஏன் வரலன்னு உனக்கு ஒரு சந்தேகம்கூட வரலையா?" நான் பேசல. "இப்ப போடு"ன்னாரு. போட்டேன். அவரோட குமாஸ்தாதான் எடுத்தாரு, விடியக்காலைல நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க, ஜூனியர் அங்கதான் கூடவே இருக்காரு, இன்னிக்கு எந்தெந்தக் கோர்ட்ல என்னென்ன ஆச்சுன்னு எங்களுக்கு ஒண்ணுமே தெரியலம்மான்னு அழற மாதிரி பேசுனாரு. போனை வச்சதும் எனக்கு கையெல்லாம் சில்லுனு ஆயிடுச்சு.

சீனியர் அடுத்து செஞ்சதுதான் நான் இன்னிக்கும் செய்யறது. முதல்ல எங்க கட்சிக்காரருக்கு போன் போட்டாரு. எதிர்தரப்பு வக்கீலுக்கு இல்ல, எங்க கட்சிக்காரருக்கு. நடந்தது இது, அவங்க எக்ஸ்பார்ட்டிய ரத்து பண்ணச் சொல்லி மனு போடுவாங்க, அதுக்கு நாம ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுக்கலாம்னு நான் நினைக்கறேன், நீங்க என்ன சொல்றீங்கன்னு கேட்டாரு. அவரு முதல்ல கொதிச்சாரு. சீனியர் நிதானமா விளக்குனாரு. இந்த உத்தரவை வச்சு டிகிரி, அதாவது பணம் கட்டச் சொல்ற தீர்ப்பாணை வாங்கலாம், ஆனா 30 நாளுக்குள்ள அவங்க ரத்து மனு போடுவாங்க, ஆஸ்பத்திரி காகிதத்தை வச்சா எந்த ஜட்ஜும் ரத்து பண்ணுவாரு, நாம எதிர்த்தா அதுக்கு ஒரு விசாரணை, அதுக்கு மேல ஒரு அப்பீல், ரெண்டு வருஷம் போயிடும், கையில டிகிரி இருக்கும் பணம் இருக்காது, அதுக்கப்புறம் கேஸ் முதல்ல இருந்து ஆரம்பிக்கும். இப்ப விட்டுக்குடுத்தா ஒரே ஒரு வாய்தாதான் போகும். கட்சிக்காரர் சரின்னாரு. அடுத்த வாரம் மனு வந்துச்சு, பின்பக்கத்துல "ஆட்சேபணை இல்லை"ன்னு எழுதி கையெழுத்துப் போடச் சொல்லி சீனியர் பேனாவை என் கையில குடுத்தாரு.

கேஸ் நடந்துச்சு, அந்தப் பெரியவரு தேறி வந்து நல்லா குறுக்கு விசாரணை பண்ணாரு, ஒரு இடத்துலகூட விட்டுக்குடுக்கல. நாங்கதான் ஜெயிச்சோம். தீர்ப்பு வந்த மறுவாரம் அவரே போன் பண்ணி, அப்பீல் போறதுல அர்த்தமில்லன்னு என் கட்சிக்காரன்கிட்ட சொல்லிட்டேன், பணத்தை மூணு தவணையா கட்டறான், நீங்க உங்க ஆளுகிட்ட கேட்டு சொல்லுங்கன்னாரு. மூணு தவணையும் வந்துச்சு. அன்னிக்கு நான் வாங்குன உத்தரவை கட்டிப்பிடிச்சுட்டு இருந்திருந்தா இந்த போன் வந்திருக்கவே வந்திருக்காது.

சட்டத்துலயும் இது இருக்கு, பலபேருக்கு தெரியறதில்ல. வக்கீலுங்களுக்கு விதி போடுற இந்திய பார் கவுன்சிலோட விதிகள்ல வக்கீலோட நடத்தை பத்தின பகுதியில எதிர்தரப்புக்கான கடமைன்னு ரெண்டே ரெண்டு விதி இருக்கு, 34, 35. முதலாவது, ஒருத்தருக்கு வக்கீல் இருக்கும்போது அவரைத் தாண்டி அந்தக் கட்சிக்காரர்கிட்ட நேரா போய் கேஸைப் பத்தி பேசக்கூடாது, எதுவா இருந்தாலும் வக்கீல் வழியாத்தான். ரெண்டாவதை படிச்சப்ப நான் ஒரு நிமிஷம் நின்னுட்டேன். எதிர்தரப்புக்கு நியாயமா குடுத்த வாக்குறுதிய, அது எழுத்துல இல்லன்னாலும், கோர்ட் விதிப்படி அமல்படுத்த முடியாததா இருந்தாலும்கூட காப்பாத்தணும்ங்குது. யோசிச்சுப் பாருங்க, ஊர்ல எல்லாருக்கும் "எழுத்துல இருக்கா"ன்னு கேக்குற தொழில், தன் ஆளுங்களுக்கு மட்டும் எழுத்துல இல்லாததையும் காப்பாத்துன்னு விதி போட்டு வச்சிருக்கு.

அந்த வார்த்தை உடைஞ்சா என்ன ஆகும்னும் எனக்குத் தெரியும். சில வருஷம் முன்னாடி ஒரு நாள் எனக்கு வேற கோர்ட்ல சாட்சி நடந்துட்டு இருந்துச்சு, எதிர்தரப்பு வக்கீல் போன்ல "நீங்க வரவேண்டாம் மேடம், நானே சொல்லி வாய்தா வாங்கிடறேன்"னாரு. நன்றின்னு சொல்லி வச்சேன். மதியம் பாத்தா என் கட்சிக்காரர் எக்ஸ்பார்ட்டி. போன் போட்டா எடுக்கல. மறுநாள் வராண்டால பாத்துக் கேட்டப்ப "கட்சிக்காரன் பக்கத்துலயே நின்னான் மேடம், என்ன பண்றது"ன்னாரு. நான் மனு போட்டு, பிரமாணப் பத்திரத்துல நடந்ததை மட்டும் எழுதி (அவரைப் பத்தி ஒரு அடைமொழி போடல, போடணும்னு கை துடிச்சுச்சு) ரத்து பண்ணிட்டேன், கேஸுக்கு ஒண்ணும் ஆகல. என் கட்சிக்காரம்மா ஒரு மாசம் தூங்கலன்னாங்க, அதுதான் எனக்கு இன்னிக்கும் ஆறல.

அவருக்கு என்ன ஆச்சுன்னா, பெருசா ஒண்ணும் ஆகல, யாரும் புகார்கூட குடுக்கல. ஆனா அந்த வளாகத்துல அவரு போன்ல எதாவது கேட்டா இப்ப எல்லாரும் "மெமோ போட்டுடுங்க சார்"னு சொல்றாங்க, அதாவது எழுத்துல குடுத்துடுங்கன்னு. அவரு பிள்ளைக்கு உடம்பு சரியில்லன்னாலும் மெமோ, ரயில் லேட்டுன்னாலும் மெமோ. ராஜி பேசணும்னா யாரும் முதல்ல வாயத் திறக்கறதில்ல, சொன்னதை நாளைக்கு கோர்ட்ல சொல்லிடுவாரோன்னு பயம். இதோட நஷ்டம் முழுக்க அவரை நம்பி வர்ற கட்சிக்காரங்களுக்குத்தான், அவங்களுக்கு அது தெரியவே தெரியாது, சீக்கிரம் முடிஞ்சிருக்க வேண்டிய கேஸ் ஏன் இழுத்துட்டே போகுதுன்னு கோர்ட்டைத்தான் திட்டிட்டு இருப்பாங்க. நான் அதுக்கப்புறம் ஒரு பழக்கம் வச்சுக்கிட்டேன், போன்ல எதை ஒத்துக்கிட்டாலும் வச்ச உடனே "இப்ப பேசுனபடி" ஒரு வாட்ஸ்அப் போட்டுடுவேன், நான் குடுத்த வார்த்தைக்கும் சேத்துத்தான். நல்லவங்க யாரும் அதைத் தப்பா எடுத்துக்கல.

இங்க ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். மரியாதைன்னா கேட்டப்பல்லாம் வாய்தா குடுக்கறதுன்னு அர்த்தமில்ல. நீ எனக்குக் குடு நான் உனக்குக் குடுக்கறேன்னு வாய்தா மாத்திக்கிறது எனக்கு சுத்தமா பிடிக்காது, அது ரெண்டு கட்சிக்காரங்க தலையிலயும் கை வைக்கிறது. சி.பி.சி.ங்கற உரிமையியல் நடைமுறைச் சட்டத்தோட ஆர்டர் 17ல ஒரு தரப்புக்கு விசாரணை நடக்கும்போது மூணு வாய்தாவுக்கு மேல கூடாதுன்னும், வக்கீல் வேற கோர்ட்ல இருக்காருங்கறது ஒரு காரணமே இல்லன்னும் போட்டிருக்கு, நடைமுறைல எவ்வளவு நடக்குதுங்கறது வேற விஷயம். நான் எனக்குன்னு வச்சிருக்குற அளவு இதுதான், என் நேரம், என் வசதி, என் அலைச்சல் இதையெல்லாம் நான் தாராளமா விட்டுக்குடுப்பேன். கட்சிக்காரரோட உரிமை என்னோடது இல்ல, அதை அவரைக் கேக்காம யாருக்கும் தானம் பண்ண எனக்கு அதிகாரம் கிடையாது. வயசான சாட்சி ஒருத்தர் ராத்திரி முழுக்க பஸ்ல வந்து காலைல கூண்டுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கும்போது எவ்வளவு நெருங்குன நண்பர் கேட்டாலும் மன்னிச்சுக்கோங்க சார்னுதான் சொல்வேன். இடைக்காலத் தடை இன்னியோட முடியுதுன்னா வாய்தாவுக்கு ஒத்துக்கறதுக்கு முன்னாடி தடைய நீட்டிச்சு எழுதுன்னு கேட்டு வாங்குவேன். இதுல எதையும் குரல் ஒசத்திச் சொல்ல வேண்டியதில்ல.

மரியாதையா இருந்தா வாதம் மழுங்கிடும்னு ஒரு பயம் இருக்கு பாருங்க, அதுக்குக் கனடாவுல நடந்த ஒரு வழக்கு எனக்கு ரொம்ப உதவுச்சு. ஜோ க்ரோயான்னு ஒரு வக்கீல், ப்ரீ-எக்ஸ்ங்கற தங்கச் சுரங்க மோசடி விவகாரத்துல ஜான் ஃபெல்டர்ஹாஃப்ங்கற புவியியலாளருக்கு ஆஜரானவரு. கோர்ட்ல அரசுத் தரப்பு வக்கீலுங்க நியாயமில்லாம நடந்துக்கறாங்கன்னு திரும்பத் திரும்ப கடுமையா பேசியிருக்காரு. 2007ல அவரு கட்சிக்காரர் விடுதலை ஆயிட்டாரு, ஆனா அங்க இருக்குற வக்கீல் சங்க அமைப்பு இவரு மேல நாகரிகக் குறைவுன்னு நடவடிக்கை எடுத்து கடைசியா ஒரு மாசம் சஸ்பென்ஷன், 2 லட்சம் கனடா டாலர் செலவுத் தொகைன்னு போட்டுச்சு. 2018ல அங்க சுப்ரீம் கோர்ட் பெரும்பான்மையா அதை ரத்து பண்ணிடுச்சு. விசாரணைங்கறது டீ பார்ட்டி இல்ல, இவரு சொன்ன குற்றச்சாட்டு சட்டப்படி தப்பா இருந்தாலும் நல்ல எண்ணத்தோட, ஒரு அடிப்படையோடதான் சொன்னாருங்கறது தீர்ப்போட சாரம். அதே தீர்ப்பு நாகரிகம் ஒரு வக்கீலோட கடமைன்னும் அழுத்திச் சொல்லுது, ஆனா அந்தப் பேரைச் சொல்லி கட்சிக்காரனுக்காகப் பேசுற வாயை அடைக்காதேங்குது. எனக்கு இது ரொம்ப சரியாப் படுது. நாகரிகக் குறைவுன்னு ஒருத்தரைக் கண்டிக்கிற அதிகாரம் தப்பான கையில போனா முதல்ல அடி வாங்கறது தைரியமா பேசுறவங்கதான், அதுலயும் இளையவங்கதான்.

அப்ப கோடு எங்க இருக்குன்னா, கேஸை அடி, ஆளை அடிக்காதே. இது சொல்ல சுலபம். மனு எழுதும்போது தான் சோதனை. கட்சிக்காரர் எதிர்ல உக்காந்து "எழுதுங்க மேடம், அவன் ஒரு ஃபிராடு, அவன் வக்கீலும் கூட்டு"ன்னு சொல்லச் சொல்ல கை வேகமா ஓடும். நான் முதல் டிராஃப்ட்ல எல்லாத்தையும் எழுத விட்டுடுவேன், அவரு மனசு ஆறட்டும். ரெண்டாவது டிராஃப்ட்ல அடைமொழியெல்லாம் எடுத்துட்டு தேதி, தொகை, கையெழுத்து இதை மட்டும் விட்டுப் பாத்தா மனு பாதியா சுருங்கி ரெண்டு மடங்கு பலமா நிக்கும். "மோசடிப் பேர்வழியான எதிர்மனுதாரர்"னு எழுதுறதைவிட "எதிர்மனுதாரர் கையெழுத்துப் போட்டதாகச் சொல்லும் தேதியில் அவர் வெளிநாட்டில் இருந்தார், பாஸ்போர்ட் நகல் இணைப்பு"ன்னு எழுதுனா ஜட்ஜ் நிமிந்து உக்காருவாரு. பார் கவுன்சில் விதியிலயே வக்கீல் தன்னை கட்சிக்காரரோட வெறும் ஊதுகுழலா நினைச்சுக்கக் கூடாதுன்னு இருக்கு, கடிதத்துலயும் மனுவுலயும் வாதத்துலயும் வார்த்தைய அளந்து பேசறது வக்கீலோட சொந்தப் பொறுப்புன்னு இருக்கு. தேவையில்லாம அசிங்கப்படுத்துற வாசகத்தை மனுவுல இருந்து நீக்கச் சொல்ற அதிகாரம் சி.பி.சி. ஆர்டர் 6 விதி 16ல கோர்ட்டுக்கும் இருக்கு.

அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுல 2011ல வக்கீல் உறுதிமொழியிலயே எதிர்தரப்புகிட்டயும் அவங்க வக்கீல்கிட்டயும் நேர்மையாவும் நாகரிகமாவும் நடந்துக்குவேன்னு ஒரு வரி சேத்தாங்க, கோர்ட்ல மட்டும் இல்லாம பேச்சு எழுத்து எல்லாத்துலயும்னு. எனக்கு அந்தக் கடைசிப் பகுதிதான் முக்கியமாப் படுது. ஜட்ஜ் முன்னாடி எல்லாரும் "கற்றறிந்த நண்பர்"தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் மூடற நேரத்துக்கு 200 பக்க மனுவை சர்வ் பண்ணிட்டு திங்கக்கிழமை காலைல அவசரம்னு எடுக்கச் சொல்றது, கேஸ் கூப்பிட்ட அப்புறம்தான் எதிர்மனு நகலை மேஜைல தள்றது, அங்கதான் ஆளு யாருன்னு தெரியும்.

அப்புறம் ஜூனியர் பொண்ணுங்க விஷயம். இதைச் சொல்லாம விட மனசு வரல. நான் குறுக்கு விசாரணை பண்ணிட்டு இருக்கும்போது எதிர்ல இருந்து "பாப்பா கேக்குற கேள்வி புரியலையே"ன்னு ஒருத்தர் சொன்னாரு, கோர்ட் சிரிச்சுச்சு. அப்ப எனக்கு 28 வயசு. அன்னிக்கு அந்தக் கேள்விய நான் முடிக்கவே இல்ல, அந்தச் சாட்சி தப்பிச்சுப் போயிட்டாரு. யோசிங்க, அவமானம் எனக்குன்னாலும் கேள்வி என் கட்சிக்காரரோடது. இப்ப என் ஜூனியருக்கு யாராவது இப்படிச் சொன்னா நான் எழுந்து "அவங்க பேரு சொல்லிக் கூப்பிடுங்க சார், இல்லன்னா வக்கீல்னு சொல்லுங்க"ன்னு சொல்லிட்டுத்தான் உக்காருவேன். நம்ம தொழில்ல பெரியவங்களுக்குக் குடுக்குற மரியாதை வண்டி வண்டியா இருக்கு, மேல இருந்து கீழ வர்றதுதான் குறைச்சல்.

வக்கீல் மாத்துற சமயமும் இப்படித்தான் ஆளுங்களைக் காட்டிக் குடுத்துடும். ஏற்கெனவே ஒருத்தர் வக்காலத்து போட்டிருந்தா அவரு சம்மதத்தோடதான் புதுசா ஒருத்தர் ஆஜராகணும், கிடைக்கலன்னா கோர்ட் அனுமதி வாங்கணும். பழைய வக்கீல் பீஸ் பாக்கிக்காக கட்டைத் தரமாட்டேன்னு பிடிச்சு வச்சுக்கக் கூடாதுன்னு 2000ல ஆர்.டி. சக்சேனா வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ஆனா சட்டம் இருக்குதேன்னு நோட்டீஸ் விடறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை நேர்ல போயிடுவேன், சார் இவரு என்கிட்ட வந்திருக்காரு, உங்க பாக்கிய முடிச்சுட்டு வரச் சொல்லியிருக்கேன்னு சொல்வேன். ஒரு பெரியவரு கட்டோட சேத்து தன் கையால எழுதி வச்சிருந்த குறுக்கு விசாரணைக் குறிப்பையும் குடுத்து, இந்த மூணாவது சாட்சிய விடாதீங்கம்மா, அவன்தான் பொய் சொல்றான்னாரு. தன்னை விட்டுட்டுப் போன கட்சிக்காரனுக்காக.

எழுதிட்டு இருக்கும்போதே இப்ப ஒரு போன் வந்துச்சு. நாளைக்கு ஒரு கேஸ்ல எதிர்தரப்புல இருக்குற பொண்ணு, அவங்கம்மாவுக்கு நாளைக்குக் காலைல ஆபரேஷன், ஒரு வாய்தா வேணும் மேடம், எங்க சீனியர் ஊர்ல இல்லன்னு தயங்கித் தயங்கி கேட்டுச்சு. என் கட்சிக்காரரைக் கேட்டுட்டு சொல்றேம்மான்னேன். கேட்டேன், எத்தனை நாள்னு மட்டும் கேட்டாரு, பத்து நாள்னேன், சரின்னாரு. அந்தப் பொண்ணுக்குத் திரும்ப போன் போட்டு நீ அம்மாகூட இரு, நான் சொல்லிக்கறேன்னு சொல்லிட்டு டைரில அந்தக் கேஸ் நம்பருக்கு நேரா குறிச்சு வச்சிருக்கேன். லிஸ்ட்ல அது ஏழாவது, பத்தரைக்கு முன்னாடி நான் அந்த ஹால்ல இருக்கணும்.